பாரிமுனையில் ஒரு பகற்பொழுது

சென்னைக்கு வந்து செல்லும் நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றுக்கும் சாந்தோம் பேராலயமும் பரங்கிமலையும் மெரீனாக் கடற்கரையும் நன்கு பழகிய இடங்கள். பாரிமுனையும் பழகிய இடந்தான். ஆயினும் அங்கே நாம் செல்வதெல்லாம் அவசரத்தோடு. மகளின் திருமணத்துக்குப் பத்திரிகை அச்சிட, பண்டிகைக்குத் துணி எடுக்க, நீதிமன்ற வழக்குக்காக என்று ஏதேனும் ஓர் அலுவல் நம்மை அங்கே இழுத்துச் செல்லும். அலுவல் முடிந்ததும் நெரிசலை நொந்துகொண்டே பேருந்தைப் பிடித்துத் திரும்பிவிடுவோம். வாங்க வேண்டிய பொருட்பட்டியல் ஏதுமின்றி, ஒரு பகற்பொழுது முழுவதையும் அத்தெருக்களுக்கென்றே ஒதுக்கிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நீங்கள் ஒருமுறை அவ்வாறு செய்து பார்க்க வேண்டும் என்னும் ஆவலால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்று மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்துகொள்ளுங்கள், காரணம் பின்னர் விளங்கும். காலை ஒன்பது மணிக்கு முன்னதாகவே வந்துவிடுவது நலம். மின்சார ரயிலில் வருவோர் கடற்கரை நிலையத்திலும், மெட்ரோ ரயிலில் வருவோர் உயர் நீதிமன்ற நிலையத்திலும் இறங்கலாம். துணிப்பை ஒன்று, குடிநீர், சில்லறைக் காசு, காலுக்கு உறுதியான செருப்பு ஆகியவை போதும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் கைக்குழந்தையோடு அப்பக்கம் தலைகாட்ட வேண்டாம்.

தாமஸ் பாரி என்னும் வேல்ஸ் நாட்டவர் 1788ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து தொடங்கிய வணிக நிறுவனமே இம்முனைக்குப் பெயர் தந்தது. அந்நிறுவனத்துக்கென எழுந்த டேர் இல்லம் என்னும் கட்டடத்தின் ஓரமாக ஒரு கல்தூண் நிற்கும். நடந்து செல்வோர் எவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலில் அதன் அருகே சற்று நில்லுங்கள். 1773ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் என்று அதில் பொறித்திருக்கும். ஆறு தூண்கள் நடப்பட்டன. எஞ்சியது இது ஒன்றே. இந்தக் கடைத்தெருவின் கதை முழுவதும் இத்தூணிலிருந்துதான் தொடங்குகிறது.

1639இல் நிலம் பெற்று ஆங்கிலேயக் கம்பெனியார் கோட்டையைக் கட்டியபோது, அதன் வடக்கு மதிலை ஒட்டியே நெசவாளரும் வணிகரும் கைவினைஞரும் குடியேறினர். இன்று உயர் நீதிமன்றமும் அதன் வளாகமும் இருக்கும் நிலமே அந்தப் பழைய ஊர். 'கறுப்பர் நகரம்' என்று ஆங்கிலேயர் அதற்குப் பெயரிட்டனர். 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்துக்கொண்டு, மதிலை ஒட்டியிருந்த வீடுகளில் ஒரு பகுதியை இடித்தனர். உடன்படிக்கையின்படி 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. பிரெஞ்சுக்காரர் மிச்சம் வைத்ததை அவர்களே பின்பு இடித்துத் தீர்த்தனர். பகைவர் வந்தால் பீரங்கிக்கு மறைப்பு ஏதும் இராதபடி வெட்டவெளி வேண்டுமென்பது அவர்கள் கருத்து. அந்த வெளிக்குள் இனி ஒருவரும் வீடு கட்டலாகாது என்று எல்லை காட்ட நடப்பட்டவையே இத்தூண்கள். வீடிழந்த மக்கள் வடக்கே நகர்ந்து, ஏற்கெனவே அங்கிருந்த முத்தியாலுப்பேட்டையையும் பெத்துநாயக்கன்பேட்டையையும் நிரப்பினர். ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் என்றழைக்கப்பட்டது இப்பகுதிதான்.

ஆகவே வாசக அன்பர்களே, இந்த மாபெரும் சந்தை திட்டமிட்டு உண்டாக்கப்பட்டதன்று. இருந்த இடத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் வந்து ஒதுங்கிய இடம் இது. இந்த நினைவோடு நடந்தால் ஒவ்வொரு தெருவும் வேறுவிதமாகத் தோன்றும்.

அரண்மனையில்லாத அரண்மனைக்காரன் தெரு

பாரிமுனையிலிருந்து சுபாஷ் சந்திர போஸ் சாலையில் மேற்கே நடந்து, வலப்புறம் பிரியும் தெருவொன்றில் திரும்பினால் ஆர்மீனியன் தெரு. தமிழில் இதனை 'அரண்மனைக்காரன் தெரு' என்பார்கள். அங்கே எந்த அரசனும் வாழ்ந்ததில்லை. ஆர்மீனியன் என்னும் சொல் நம் மக்கள் வாயில் புகுந்து அரண்மனைக்காரன் ஆகிவிட்டது! பாரசீகத்திலிருந்து வந்த ஆர்மீனியக் கிறிஸ்தவ வணிகர்கள் ஒரு காலத்தில் செல்வத்தில் திளைத்தவர்கள் ஆதலால், பெயர் முற்றிலும் பொருந்தாமலும் போகவில்லை.

அவர்களுடைய முதல் ஆலயம் 1712இல் கோட்டையை அடுத்து எழுந்தது. அதுவும் பின்னர் நிலைக்கவில்லை. தங்கள் கல்லறைத் தோட்டம் இருந்த இந்த நிலத்தில் 1772இல் அவர்கள் மீண்டும் கட்டியதே இன்று நாம் காணும் அன்னை மரியாள் ஆலயம். கனத்த மரக்கதவைத் தாண்டி உள்ளே சென்றால், தெருவின் இரைச்சல் யாரோ கைகொண்டு பொத்தியதுபோல் அடங்கிவிடும். தரையெங்கும் ஆர்மீனிய எழுத்துக்கள் பொறித்த கல்லறைக் கற்கள். தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. உலகிலேயே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை 1794இல் சென்னையில்தான் அச்சாயிற்று. அதனை நடத்திய குருவானவர் ஹருத்யூன் ஷ்மாவோனியனின் கல்லறை இங்கே உண்டு. பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைத்தவரும், சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது பாலம் கட்டியவருமான பெத்ரோஸ் உஸ்கான் இதே சமூகத்தவர். பரங்கிமலை ஏறும்போது நம் கால் மிதிக்கும் படிகளுக்கு நாம் கடன்பட்டிருப்பது ஒரு வணிகருக்கு. இன்று இவ்வாலயத்தில் வழிபட ஆர்மீனியப் பங்கு மக்கள் இல்லையென்றே சொல்லிவிடலாம். மல்லிகையும் வேம்பும் தழைத்த முற்றம் மட்டும் பேணப்பட்டு வருகிறது.

அதே தெருவில் சற்றுத் தள்ளி இருப்பது நம் தூய மரியன்னை இணைப் பேராலயம். எஃப்ரேம் தெ நெவேர் என்னும் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியார் 1642இல் பர்மாவிலுள்ள பெகு நாட்டுக்கு மறைப்பணி செய்யப் புறப்பட்டு வந்து, வழியில் சென்னையில் தங்கினார். கோட்டையிலிருந்த கத்தோலிக்கருக்குக் குருவானவர் இல்லாத குறையால் இங்கேயே இருந்துவிடும்படி ஆங்கிலேயர் கேட்டுக்கொண்டனர். அவர் பெகுவுக்குப் போகவே இல்லை. இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். இடையில் கோவாவில் மதவிசாரணை மன்றத்தின் சிறையிலும் வாடி மீண்டார். கோட்டைக்குள் கப்புச்சின் சபையாருக்கிருந்த ஆலயம், பிரெஞ்சு ஆக்கிரமிப்புக்குப் பின் ஆங்கிலேயரின் ஐயத்துக்கு இரையாயிற்று. அவர்களும் கோட்டையைவிட்டு வெளியேறி ஆர்மீனியன் தெருவுக்கு வந்தனர். சென்னை உயர் மறைமாவட்டமும் மயிலை மறைமாவட்டமும் 1952இல் ஒன்றானபோது, அதுவரை பேராலயமாய் விளங்கிய இது இணைப் பேராலயம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். இவ்வாலயத்தில் கோயில் கொண்டுள்ள புனித அந்தோணியாரை நாடி அன்று வருவோரின் கூட்டத்தைக் காணக் கண்கோடி வேண்டும். 1231ஆம் ஆண்டு ஜூன் 13இல் மறைந்த புனிதரை அடக்கம் செய்தது ஜூன் 17 செவ்வாய்க்கிழமை. அதுமுதல் அந்தக் கிழமை அவருக்குரியதாயிற்று. வருவோரில் நம்மவர் ஒரு பங்கு என்றால் இந்து, இஸ்லாமிய சகோதர சகோதரிகள் இன்னொரு பங்கு. கடைச் சிப்பந்தி, மூட்டை தூக்குபவர், பூ விற்கும் ஆயா, வழக்குக் கட்டோடு வழக்கறிஞர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். வாசலில் மெழுகுதிரியும் மாலையும் விற்போரின் பிழைப்பும் அந்தப் புனிதரைச் சார்ந்ததே. இதே தெருவில் கச்சாலீசுவரர் கோயிலும் உண்டு. ஆர்மீனியரும் கத்தோலிக்கரும் சைவரும் ஒரே தெருவில் தத்தம் மணிகளை அடித்துக்கொண்டு அண்டை வீட்டாராய் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஒரு தெரு, ஒரு சரக்கு

இனிக் கடைத்தெரு. பிராட்வே என்னும் பிரகாசம் சாலைதான் முத்தியாலுப்பேட்டையையும் பெத்துநாயக்கன்பேட்டையையும் பிரிப்பது. ஒரு காலத்தில் அது வெறும் பள்ளமும் வடிகாலுமாகக் கிடந்தது. ஸ்டீபன் போப்பம் என்னும் ஆங்கிலேயர் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலங்கைச் சாதியாரும் இடங்கைச் சாதியாரும் ஓயாது மோதிக்கொண்டதால், கவர்னர் தாமஸ் பிட் ஒரு பேட்டையை வலங்கையாருக்கும் மற்றதை இடங்கையாருக்கும் என ஒதுக்கிய கதையும் உண்டு. அந்தக் கோடுகளை வியாபாரம் என்றோ அழித்துவிட்டது. சாதி பிரித்து வைத்ததைச் சரக்கு கலந்துவிட்டது என்று நாம் மகிழலாம். ஆயினும் மூட்டை சுமப்பவன் யார், கல்லாவில் இருப்பவன் யார் என்று சற்று உற்று நோக்கினால், முழுவதும் மகிழவும் மனம் வருவதில்லை.

இத்தெருக்களின் வியப்பு, ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு சரக்கு என்பதுதான். ஆண்டர்சன் தெரு முழுவதும் காகிதமும் திருமணப் பத்திரிகையும். கோடவுன் தெரு முழுவதும் துணி. நைனியப்ப நாயக்கன் தெருவில் நுழையும்போதே இரசாயனப் பொருள்களின் நெடி மூக்கைத் துளைக்கும். தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடியும் வளையலும். காசிச் செட்டித் தெருவிலும் நாராயண முதலித் தெருவிலும் விளையாட்டுப் பொருள்களும் அலங்காரப் பொருள்களும் குவிந்து கிடக்கும். நம் பங்கு ஆலயங்களில் கிறிஸ்து பிறப்புக் குடிலை அழகு செய்யும் நட்சத்திரங்களிலும் வண்ணச் சரங்களிலும் எத்தனையோ இங்கிருந்து போனவை.

ஒரே சரக்கை விற்கும் நூறு கடைக்காரர்கள் ஏன் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு ஒரே தெருவில் உட்கார வேண்டும்? போட்டி மிகுந்து நட்டப்பட மாட்டார்களா? பிள்ளைகள் இக்கேள்வியைக் கேட்பார்கள், கேட்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் சிறு கடைக்காரன், எந்தக் கடை என்று தெரியாவிட்டாலும் எந்தத் தெரு என்று தெரிந்துகொண்டு நேரே வருகிறான். ஒரு கடையில் விலை ஒத்துவராவிட்டால் அடுத்த கடைக்குப் பத்தடி நடந்தால் போதும். ஆகவே விலை தானாகவே ஓர் எல்லைக்குள் நிற்கிறது. கேட்ட சரக்கு தன்னிடம் இல்லையென்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. பையனை அனுப்பி, எதிர்க்கடையிலிருந்து கைமாற்றாக வரவழைத்துக் கொடுப்பார். நாளை எதிர்க்கடைக்காரருக்கு இவர் கொடுப்பார். இன்னொன்றும் உண்டு: யார் கடனைத் திருப்பித் தருவார், யார் தரமாட்டார் என்பது மாலைக்குள் தெரு முழுவதற்கும் தெரிந்துவிடும். எழுதப்படாத இந்தக் கணக்கேடுதான் இத்தெருக்களின் உண்மையான முதல். நாணயம் என்ற தமிழ்ச் சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரண்டு பொருள் அமைந்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

சரக்கு நகர்வதைப் பார்ப்பதே ஒரு காட்சி. லாரி நுழைய முடியாத சந்துகளில் கைவண்டியும் மீன்பாடி வண்டியும் தள்ளுவண்டியும் நெளிந்து செல்லும். தலையில் சும்மாடு கட்டி, தம்மினும் பருத்த துணிப்பொதியைச் சுமந்து, 'ஓரம், ஓரம்' என்று குரல் கொடுத்தவாறு ஓடுவோருக்கு வழிவிட்டு நில்லுங்கள். அவர்களால் நிற்க முடியாது. நின்றால் சுமை இன்னும் கனக்கும்.

பூக்கடை என்ற பகுதிக்குப் பெயர் தந்த பூ வியாபாரத்தைப் பத்ரியன் தெருவில் காணலாம். காலை வேளையில் செல்வதே சிறப்பு. மல்லிகையும் கனகாம்பரமும் சாமந்தியும் அரளியும் மலைபோல் குவிந்திருக்கும். உதிரிப் பூவுக்கு எடை. கட்டிய பூவுக்கு முழம். முழம் என்பது விற்பவரின் கையளவு ஆதலால், நெடிய கையுடைய பூக்காரியைத் தேடும் இல்லத்தரசிகளும் உண்டு! முகூர்த்த நாளுக்கு முந்திய தினம் ஏறிய விலை, மறுநாள் பிற்பகலில் சரிந்து விழும். மாலைக்குள் விற்காத பூ குப்பைக்கே போகும். நகைக்கடைக்காரர் இன்று விற்காததை நாளை விற்றுக்கொள்ளலாம். பூக்காரிக்கு அந்த வசதி இல்லை.

உச்சி வெயிலுக்குக் கோயில்களின் நிழல் உதவும். பூக்கடையை அடுத்துள்ள சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் இரட்டைக் கோயில்களைப் பட்டணம் கோயில் என்பார்கள். பழைய ஊரில் இருந்த கோயிலை 1757இல் ஆங்கிலேயர் இடித்துவிட்டு இங்கே மாற்று நிலம் தந்தனர். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று இதைக் கட்டுவித்தார். ஆர்மீனியரின் ஆலயம், கப்புச்சின் சபையாரின் ஆலயம், பட்டணத்தாரின் கோயில் ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் ஒரே காரணத்தால் இடம்பெயர்ந்தவை என்பதை எண்ணிப் பார்க்கையில் வியப்பாயிருக்கிறது. பீரங்கிக்கு மதவேறுபாடு தெரியாது போலும்.

ராசப்ப செட்டித் தெருவில் உள்ள கந்தகோட்டத்தில்தான் இளமையில் இராமலிங்க அடிகளார் வழிபட்டுப் பாடினார். அதே தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக உள்ளன. தாய்மாரும் பாட்டிமாரும் இங்கே சற்று நேரம் செலவிட விரும்புவார்கள். சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய் என்று அடுக்கடுக்காய் மூட்டைகள். குழந்தை பெற்றவளுக்கு லேகியம் கிளற வேண்டுமென்றால் போதும். பட்டியல் கேளாமலே ஒவ்வொன்றாய் நிறுத்துப் பொட்டலம் கட்டுவார்கள். வசம்பை அதன் பெயர் சொல்லிக் கேட்பது ஆகாதென்று 'பேர் சொல்லா மருந்து' என்று கேட்கும் மூதாட்டிகள் இன்னமும் உண்டு. கடைக்காரரும் அதைப் புரிந்துகொண்டு எடுத்துத் தருவார்.

தங்கசாலைத் தெரு நீண்ட தெரு. கம்பெனியின் துணியை வெளுத்த வண்ணார்கள் முன்னர் வாழ்ந்த இத்தெருவுக்கு, பின்னாளில் இங்கு இயங்கிய நாணயச் சாலை பெயரளித்தது. இதை ஒட்டிய சௌகார்பேட்டை, குஜராத்தி, மார்வாரிக் குடும்பங்கள் தலைமுறைகளாய் வாழும் இடம். பசித்த பிள்ளைகளுக்கு இங்கே ஜிலேபியும் கச்சோரியும் பாதாம் பாலும் உண்டு. இரண்டு முறுக்குகளுக்கு நடுவே தக்காளியும் வெள்ளரியும் சட்டினியும் வைத்துத் தரும் பண்டம் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டு முறுக்கும் வடநாட்டுச் சட்டினியும் செய்துகொண்ட கலப்புத் திருமணம் அது. கொத்தவால்சாவடி இங்கிருந்து தொலைவில் இல்லை. நகரத்துக்கே காய்கறி அளித்த அந்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. நெரிசல் குறைந்தது உண்மை. ஆனால் அதிகாலையில் அங்கே கூடை சுமந்தும், சிந்திய காயைப் பொறுக்கி விற்றும் வாழ்ந்த குடும்பங்களுக்குக் கோயம்பேடு வெகுதூரம். மளிகைச் சரக்கும் சில்லறைக் காய்கறியுமாகச் சாவடித் தெருக்கள் இன்றும் ஓய்ந்துவிடவில்லை.

நடைபாதையில் கடை விரித்தோர்

கடைகளைப் பற்றி இவ்வளவு சொன்னோம். கடை இல்லாத வியாபாரிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிக் கட்டுரையே. முன்னாளில் சைனா பஜார் என வழங்கிய சுபாஷ் சந்திர போஸ் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் கைக்குட்டை, சீப்பு, பழம், பாத்திரம், பிள்ளைகளின் உடை என்று தரையில் விரித்து விற்போரைக் காண்கிறோம். 1850இல் கிரேக்கக் கோயிலின் வடிவில் எழுப்பிய பச்சையப்பன் மண்டபத்தின் பெருந்தூண்களை இந்த நெருக்கத்துக்கிடையே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடக்க வழியில்லையே என்று நமக்குச் சினம் வருவது இயல்பு. நடப்போர்க்கும் உரிமை உண்டு, அதை மறுப்பதற்கில்லை. முதியோரும் கண்பார்வையற்றோரும் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்க நேர்வது கொடுமைதான்.

ஆயினும் அவர்களுடைய கணக்கையும் சற்றுக் கேளுங்கள். முதலுக்குப் பலரும் நாடுவது தண்டல்காரரை. எடுத்துக்காட்டாக, பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேர். ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறே கையில் தருவார். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது! மழை பெய்து கடை விரிக்க முடியாத நாளிலும் தண்டல்காரர் வருவார். தெரு வியாபாரிகளுக்கு ஈடு இல்லாமல் வங்கிக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம் 2020 ஜூனில் தொடங்கிற்று; முதற்கடன் பத்தாயிரம் ரூபாய் என்று அப்போது வகுத்தனர். எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள், தங்கள் பங்கிலுள்ள பூக்காரிக்கோ பழக்காரருக்கோ அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால் அது பேருதவி.

சட்டம் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. நடைபாதையில் வியாபாரம் செய்வதும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசியலமைப்பு அளிக்கும் தொழில் உரிமையில் அடங்கும் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2014இல் தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புக்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது. அகற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இடம்பெற வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாயிருக்க வேண்டும் என்பவை அதன் விதிகளில் சில. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெரு வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளோரை இடம் மாற்றக் கூடாது என்றும் அதன் அட்டவணை சொல்கிறது. ஐம்பது ஆண்டு என்ன, இருநூற்றைம்பது ஆண்டு கண்ட கடைத்தெருக்கள் இவை. ஒருபுறம் நடப்போரின் வழக்கு, மறுபுறம் விற்போரின் வழக்கு. இரண்டுக்கும் நடுவே கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் மீண்டும் வந்து விரிப்பதுமாக அவர்கள் நாள் கழிகிறது. பகல் முழுதும் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒதுங்குவதற்குப் போதிய கழிப்பிட வசதி இன்மையால், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வழக்குகளில் பேசப்படாத செய்தி இது.

பேரம் பேசுவது பற்றியும் ஒரு வார்த்தை. பேரம் இத்தெருவின் உரையாடல். விற்பவர் அதை எதிர்பார்க்கிறார். 'அம்மா, போணி பண்ணிட்டுப் போங்கம்மா' என்று காலையில் ஒருவர் அழைத்தால் மட்டும், வாங்கும் எண்ணமின்றி விலை கேட்டு நகர்ந்துவிட வேண்டாம். நாளின் முதல் விற்பனை கைகூடாமற்போனால் அன்றைய பொழுதே விளங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் நமக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. ஒரு சீப்பு வாங்கினால் போதும்.

பெகுவிலிருந்து வந்த விருந்து

மாலை நான்கு மணிக்குமேல் கடற்கரை நிலையத்தை நோக்கித் திரும்புங்கள். நேரமிருந்தால் பவழக்காரத் தெரு வழியாகச் செல்லலாம். மத்தியதரைக் கடற்பவழத்தை இறக்கி, கோல்கொண்டா வைரத்தை ஏற்றிய யூத வணிகர்கள் வாழ்ந்த தெரு அது. அவர்கள் போனபின் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வீடுகள் அங்கே எழுந்தன.

ராஜாஜி சாலையோரம் நீண்டு கிடக்கும் கடைவரிசை பர்மா பஜார். பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபோது, தலைமுறைகளாய் அங்கே வாழ்ந்த தமிழர்கள் சேர்த்த சொத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். அவர்களுள் சிலருக்குப் பிழைப்பு வேண்டி 1969இல் தோன்றியதே இந்தக் கடைவரிசை. வெளிநாட்டுச் சேலையும் வாசனைத் திரவியமும் வானொலிப் பெட்டியும் கிடைக்கும் இடமென்று ஒரு காலத்தில் தமிழகமெங்கும் இதற்குப் பேர் இருந்தது. அவற்றுள் சுங்கம் கட்டாமல் வந்தவையும் உண்டென்பது ஊரறிந்த இரகசியம். 1991க்குப் பின் வெளிநாட்டுப் பொருள்கள் எங்கும் கிடைக்கலாயின. பஜாரின் மவுசும் குறைந்தது. இப்போது கைப்பேசிக்கு வேண்டிய உதிரிப் பொருள்களே மிகுதி. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் பெகுவுக்குப் போகப் புறப்பட்ட துறவி தங்கிவிட்ட ஊருக்கு, பெகுவைவிட்டுப் புறப்பட வேண்டியிருந்தவர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பின்புறத் தெருக்களில் பொழுது சாயும் வேளையில் அத்தோ வண்டிகளில் விளக்கேற்றுவார்கள். மஞ்சள்நிற நூடுல்ஸோடு முட்டைக்கோசும் வெங்காயமும் புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் பொரித்த பூண்டும் சேர்த்து, கையாலேயே பிசைந்து தருவது அத்தோ. வாழைத்தண்டு இட்ட சூடான சாறு ஒரு கிண்ணம் கூடவே கிடைக்கும். அவித்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயம் திணித்துத் தருவதும் உண்டு. பிள்ளைகளுக்குக் காரத்தைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள், 'பாப்பாவுக்கா அக்கா?' என்று கேட்டுவிட்டுத் தனியாகப் பிசைந்து தருவார்கள்.

எட்டு மணிக்குமேல் மொத்தக் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாய் இறங்கும். நடைபாதை வியாபாரிகள் மட்டும் கடைசி ரயிலுக்குச் செல்வோரை எதிர்பார்த்து இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பின்பு சரக்கை நீலத் தார்ப்பாயில் சுருட்டிக் கயிறு கட்டுவார்கள். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வது இயலாது. வண்டிக் கூலிக்கே அன்றைய வரும்படி போய்விடும். தெரிந்த கடையின் மாடிப்படியடியில் வைப்பதற்கு வாடகை கொடுப்போர் உண்டு. வேறு சிலர் மரப்பெட்டியில் பூட்டி, சங்கிலியால் மின்கம்பத்தோடு பிணைத்துவிட்டு, கடற்கரை நிலையத்தை நோக்கி நடப்பார்கள்.